எடைச் சீட்டின் பின்பக்கம்

ஆலையில் குலை இறக்கி வாங்கிய
எடைச் சீட்டின் பின்பக்கத்தில்
நேசமலர் எழுதினாள்:
பாண்டா. கோபுரம். படகு.
கொஞ்சம் யோசித்து, கீழே:
சோறு கிடைக்குமா?
ஓரத்தில் மோனிஷா
கண்ணைச் சுற்றிக் கறுப்படித்து
ஒரு பாண்டா வரைந்தாள்.

குவாங்சோ.
விமானத்தில் நாலு மணி நேரம்.
சுங்கை சிப்புட்டிலிருந்து என் லோரி
ஜொகூர் போய்ச்சேர அதைப்போல் இரண்டு மடங்கு.
மலிவு டிக்கெட்,
நடுராத்திரி விழித்திருந்து
தூண்டில் போட்டுப் பிடித்தது.
நாலு நாள், இரண்டு பிள்ளை, ஒரே பெட்டி.

அங்கே பிள்ளைக்கு வயது கேட்பதில்லையாம்,
உயரம்தானாம்.
ஒரு மீட்டர் இருபதுக்குக் கீழே என்றால் காசில்லை.
கதவு நிலையில் நிற்கவைத்து அளந்தேன்.
மோனிஷா ஒரே ஒரு சென்டிமீட்டர் கூட.
"பூசத்துக்குக் கல்லுமலையில மொட்டை போட்டோமே,
இன்னொரு தடவை போட்டா?"
என்றாள் நேசமலர், பாதி சிரிப்பாய்.
மிச்சப் பாதியை நான் யோசித்தேன்.

குளிர்ச்சட்டை பசார் மாலாமில்,
பழைய துணிக் குவியலில்.
எனக்குக் கிடைத்ததன் நெஞ்சில்
யாரோ ஒரு கொரியாக்காரன் பெயர்.

டயர் கடை ஆ கியோக் கேட்டான்:
"எங்க தாத்தா ஊருக்கா போற?
நானே போனதில்லையே."
நான் சேலம் போனதில்லை என்றேன்.
இரண்டு பேரும் கொஞ்ச நேரம்
டயரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

*

வாசலில், அளவுக்கோட்டில் நிறுத்தியபோது
மோனிஷா பெருமையாய்
நுனிக்காலில் எக்கினாள்.
டிக்கெட் எடுத்தோம்.

பாண்டா தூங்கியது.
முக்கால் மணி நேரம் வரிசையில் நின்று
கண்டது அதன் முதுகை;
மாவு மூட்டைமேல் யாரோ
கறுப்புத் துண்டு போட்டுவிட்டுப் போனமாதிரி.
மோனிஷா அதற்கும் கையசைத்தாள்.

கோபுரம் மேகத்துக்குள் இருந்தது.
ஏறக் கேட்ட விலையை
வெள்ளியாக மாற்றிப் பார்த்துவிட்டு
அடியில் நின்றே அண்ணாந்தோம்.
கழுத்துவலி இலவசம்.

படகு நல்ல படகு.
இரண்டு கரையும் ஊதாவும் பச்சையுமாய் எரிய
நேசமலர் ஒன்றும் பேசவில்லை.
கொரியாக்காரனின் பைக்குள்
தன் கையையும் நுழைத்துக்கொண்டாள்.
கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம்,
நாலு பேர் பார்க்க அப்படி நின்றதில்லை.

பட்டியலில் எழுதாதது ஒன்று உண்டு:
தர்னேஷ்.

சீனப் பள்ளியில் மூன்றாம் ஆண்டு.
அங்கே சேர்த்தபோது
சொந்தத்தில் பாதிப்பேர் முகம் திருப்பிக்கொண்டார்கள்.
அவன் வீட்டுப்பாட நோட்டில்
நான் கையெழுத்துப் போடுவேன்,
எதற்கென்று தெரியாமல்.

சாப்பாட்டுக் கடையில்
நாற்காலிமேல் மண்டியிட்டு
"பு யாவ் நியு ரோவ்" என்றான்,
மாட்டிறைச்சி வேண்டாமென்று.
கடைக்காரி அப்படியே நின்றாள்.
அவன் நிறத்தைப் பார்த்தாள், வாயைப் பார்த்தாள்,
அடுப்படியில் இருந்தவர்களையெல்லாம்
கத்திக் கூப்பிட்டாள்.
அவர்கள் கேட்க, இவன் சொல்ல,
எங்கோ நடுவில்
என்னைச் சுட்டிக் காட்டினான்.
எல்லாரும் திரும்பி, என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.
நானும் சிரித்துவைத்தேன்.

"என்னடா சொன்ன?"
"ஒண்ணுமில்லப்பா."

பாரம் ஏற்றிக்கொண்டு மழையில்
மலைப்பாதை இறங்கியவன் நான்.
அந்த ஊரில் நாலு நாளும்
அவன் சட்டையின் பின்னோரத்தைப் பிடித்தபடி நடந்தேன்,
தொலைந்துபோவேன் என்று.
அன்றைக்கு என்ன சொன்னான் என்பது
இன்றுவரை தெரியாது.

*

திங்கட்கிழமை, செம்பனை ஆலை.
பழைய சீட்டுகளைக் கட்டாகக் கொடுத்தேன்.
கிராணி ரொஸ்லான் ஒவ்வொன்றாய்ப் புரட்டி,
ஒன்றைத் திருப்பி, கண்ணாடியைத் தூக்கிவிட்டு,
"பாண்டா பெராப்பா டன்?" என்றான்.

எடை தெரியாது என்றேன்.
முதுகை மட்டும்தான் பார்த்தேன்.